உர்சுலாவின் கை
ஆஸ்பத்திரி ஜன்னல் வழியே விழும் பிற்பகல் வெயிலில், டாக்டர் சந்திரமதியின் ரப்பர் சுத்தியல் உர்சுலாவின் முழங்காலைத் தட்டுகிறது. கால் துள்ளவில்லை. மறு காலும் சும்மா கிடக்கிறது. "இதை யாராலயும் நடிக்க முடியாதும்மா. நரம்பு மேல இருக்கிற உறை வீங்கி அரிச்சுப் போயிருக்கு, ஒயர் மேல பிளாஸ்டிக் உரிஞ்ச மாதிரி. மெல்ல வளர்ந்துடும், நடப்பீங்க" என்கிறார் டாக்டர். ரேடியோ ஃபேக்டரியில் ஒயர் பற்றவைக்கும் உர்சுலாவுக்கு அது உடனே விளங்குகிறது. மார்சிலிங் அடுக்குமாடி புளோக்கின் மாடிப்படியில் அவள் விழும்போதெல்லாம், "வேலைக்குப் போகாம இருக்க டிராமா போடுறா" என்று அக்கம்பக்கத்துக்குக் கேட்கச் சிரித்த கணவன் சூசைநாதன், பவுடர் பூசிய முகத்தோடு கட்டிலருகே உட்கார்ந்திருக்கிறான். "நான் அப்பவே சொன்னேன்லா டாக்டர், இது ஏதோ சீரியஸ்னு" என்று அவள் கையை எடுத்துத் தன் மடியில் வைத்துத் தடவுகிறான். தட்டில் செத்துக் கிடக்கும் கரப்பானைப் பார்ப்பதுபோல் அவனைப் பார்க்கிறாள். கையை இழுத்துக்கொள்ள முயல்கிறாள், விரல்கூட அசையவில்லை. "ஏதாவது வேணுமாம்மா?" என்று டாக்டர் குனிகிறார். "இந்தக் கையை அவர்கிட்டேருந்து எடுத்துக் கட்டில்ல போட்டுடுங்க டாக்டர்."