அவர் பங்கு மாத்திரை

இளமை திரும்பும் என்று டப்பாவில் போட்டிருந்த ஹார்மோன் மாத்திரையைத் தையல்காரி தனக்கும் கணவருக்குமாகச் சேர்த்தே வாங்கினாள். அவர் தொடவே மாட்டேன் என்றுவிட்டார். வாங்கியதை வீணாக்க மனம் வராமல் அவர் பங்கையும் அவளே விழுங்கிவந்தாள்.

முதலில் முழங்கால் வலி போனது. பிறகு நரை போனது. தன் சட்டைகளையெல்லாம் இடுப்பில் பிடித்துத் தைத்துக்கொண்டாள்.

"இப்படியே போனா நான் உனக்கு அக்கா ஆயிடுவேன். போதும்மா, நிறுத்து," என்றாள் கல்லூரியில் படிக்கும் மகள்.

"உனக்குப் பொறாமைடி!"

ஒருநாள் காலையில் தோடு காதில் ஏறவில்லை. கண்ணாடியில் பார்த்தால் துளையையே காணோம். விரலைப் பார்த்தாள். தொழில் பழகிய காலத்தில் தையல் மெஷின் ஊசி ஏறிய வடுவும் இல்லை.

சட்டையைத் தூக்கி அடிவயிற்றைத் தடவினாள். மகளை வெளியே எடுத்த ஆபரேஷன் தழும்பு அங்கேதான் இருக்க வேண்டும். 'என்ன தையல் இது, கோணல்மாணலா' என்று டாக்டரை இன்றுவரை திட்டிக்கொண்டிருக்கிறாள். இப்போது அந்த இடம் வழவழவென்று இருந்தது.

குளியலறையில் மகள் பல் தேய்க்கும் சத்தம் சட்டென்று நின்றது.

"பாப்பா!" என்று கத்திக்கொண்டே ஓடினாள்.

"யாரைக் கூப்பிடுற?" என்றார் கணவர், பேப்பரிலிருந்து தலையை எடுக்காமல்.

கதவு தாழிடாமல்தான் இருந்தது. வாஷ்பேசினில் நுரை இன்னும் அடங்கவில்லை. கோப்பையில் இரண்டே இரண்டு பிரஷ் இருந்தன. இரண்டும் காய்ந்திருந்தன.