நிலவறைக்குள் வெட்டு

பத்மநாதன் தேநீரைத் தொடவில்லை. லண்டனின் மறுகோடியான ஸ்ட்ரெதமிலிருந்து இல்ஃபோர்டில் இருக்கும் கிருஷ்ணராசா வீடு வரை அவர் வந்தது தேநீர் குடிக்க அல்ல.

"அண்ணை, அந்தக் கொலைக் கதை வெளியாலை போகக்கூடாது. வாற மாதம் கலியாணம்."

கிருஷ்ணராசா கதிரையில் நிமிர்ந்து உட்கார்ந்தார். நோர்வேயில் பல காலம் இருந்துவிட்டு லண்டன் வந்தவர். அவருடைய மகள் கோசிகாவைத்தான் பத்மநாதனின் மகன் கட்டுவதாக இருந்தது.

"நாளைக்கு எல்லாருக்கும் முன்னாலை உள்ளதைச் சொல்லத்தான் போறன்."

"செய்தது மருமகன் எண்டுமா?"

"மருமகன் இல்லை, மருமகன்மார். ரெண்டு பேர். அந்த மனுசன்ரை பெட்டையள் அவங்களை விட்டிட்டு வந்த பிறகு நடந்தது. மனுசன் நிலவறைக்குள்ளை ஒளிச்சிருந்தவர். ஆக்களை இறக்கி வெட்டுவிச்சவங்கள்."

கதவருகே நின்ற கிருஷ்ணராசாவின் மனைவி நகுலேஸ்வரி பதறினாள். "இஞ்சரப்பா, மெல்லக் கதையுங்கோ. பக்கத்து வீட்டிலையும் எங்கட ஆக்கள்."

"இதைக் கேட்ட சனம் மணவறையிலை என்ரை பெடியனை என்ன கண்ணாலை பார்க்கும்?" என்றார் பத்மநாதன். "எங்கட குடும்பத்திலை ஆரும் பொலிஸ் ஸ்டேசன் வாசல் மிதிச்சதில்லை."

"செத்தவர் லேசுப்பட்ட ஆளில்லை. கவிஞர். வரலாறு எழுதினவர். ஒருத்தனை அவனுக்கு முன்னாலையே பொய்யாய்ப் புகழ்ந்தால் அது புகழில்லை, நக்கல் எண்டு எழுதிவைச்ச மனுசன். அவரின்ரை சாவிலை நான் பொய் சொல்லுறதோ?"

"அப்ப கலியாணத்தை மறந்துவிடுங்கோ." பத்மநாதன் எழுந்து கோட்டை மாட்டினார்.

மாடிப்படியில் நின்ற கோசிகா, "அப்பா, பிளீஸ்," என்றாள். கண்கள் கலங்கியிருந்தன.

"செத்தவர் எழும்பி வரப்போறாரோ?" என்றாள் நகுலேஸ்வரி. "இருக்கிற பிள்ளையைப் பாருங்கோ."

கிருஷ்ணராசா மகளைப் பார்த்துத் தலையசைத்தார். அவர் முதுகு மட்டும் வளையவில்லை.

"சரி, பத்மநாதன். நாளைக்கு என்ரை வாயாலை மருமகன்மாருக்கு ஒரு குறையும் வராது. நீங்கள் முன்வரிசையிலை இருந்து கேளுங்கோ."

பத்மநாதன் கோட்டைக் கழற்றினார். ஆறிப்போன தேநீரை ஒரே மூச்சில் குடித்தார்.

மறுநாள் கிழக்கு லண்டன், பார்க்கிங் நகர மண்டபத்தில் கிருஷ்ணராசா ஆற்றிய இலக்கியச் சொற்பொழிவில், ஏறக்குறைய எண்ணூறு வருடங்களுக்கு முன் ஐஸ்லாந்தில் வெட்டுண்டு செத்த அந்தக் கவிஞர், இரு மருமகன்மாரும் அருகிலிருந்து கண்ணீர் மல்கப் பணிவிடை செய்ய, அமைதியாக இறைபதம் அடைந்தார்.