மூன்று பெயர்கள்

டல்லஸ் நகரத்தில் தங்கபுஷ்பத்தின் வீட்டில் இருந்தது மூன்றே பேர். சொந்த ஊர் வழக்கப்படி பெயருக்குப் பின்னால் அப்பா பெயரைப் போட்டுக்கொண்டிருந்தார்கள். அவளுக்கு அவள் அப்பா பெயர், கணவன் அருமைநாயகத்துக்கு அவன் அப்பா பெயர், நாலு வயது மகள் நறுமுகைக்கு அருமைநாயகத்தின் பெயர்.

காலை ஒன்பது மணிக்குச் சுவர்த்திரையில் நாடாளுமன்றம் பேசியது. குடும்பப் பெயர் ஒன்றாக இல்லாதவர்கள் இனி ஒரே குடும்பம் அல்ல என்று சட்டம் போட்டது. ஒன்பதேகாலுக்கு வெள்ளை மாளிகை பேசியது. அந்த வீட்டில் இருக்கும் யாரோ ஒருவருடைய குழந்தையை அழைத்துப்போக ஆள் அனுப்பியிருப்பதாகச் சொன்னது. நாடாளுமன்றத்தில் பேசிய அதே இயந்திரக் குரல்தான். நல்ல தமிழ்.

தங்கபுஷ்பம் ஓடிப்போய் நீதிமன்றத்துக்கான பொத்தானை அழுத்தினாள்.

“வணக்கம் அம்மா” என்றது அதே குரல்.

“சட்டம் போட்டதும் நீ, புடிக்க ஆள் விட்டதும் நீ. தீர்ப்பும் நீயேதான் சொல்லுவியா? எல்லாம் ஒருத்தர் கையில போயிரக் கூடாதுன்னுதான் அதிகாரத்தை மூணாப் பிரிச்சிருக்குன்னு, குடியுரிமைப் பரீட்சைக்கு உருப்போட்டுல்லா சொன்னேன்!”

“சரியான பதில் அம்மா. மனு தள்ளுபடி.”

வாசலில் வந்தவர்கள் நறுமுகைக்குச் செருப்பு மாட்டிக்கொண்டிருந்தார்கள், கால் மாற்றி. அருமைநாயகம் அவள் கையை விடவில்லை.

“ஏல, மூணும் நீ ஒருத்தன்தானல?” என்று கத்தினாள் தங்கபுஷ்பம்.

“அதெப்படி அம்மா?” என்றது குரல், பொறுமையாக. “எங்களுக்கு மூன்று பெயர்கள் இருக்கின்றனவே.”