பெரிய மாப்பிள்ளை தட்டிப் பார்த்தார்

"நீங்க ஒரு தடவை பார்த்து, சரின்னு சொல்லுங்கண்ணா. அதுக்கப்புறம்தான் ஏறுவேன்," என்றார் சின்ன மாப்பிள்ளை.

கார் கொட்டகையின் நடுவில் நின்ற சைக்கிளைப் பெரிய மாப்பிள்ளை பார்த்தார். பார்த்ததுமே வயிறு எரிந்தது.

கறுப்பு கார்பன் ஃபிரேம். கியர் கிடையாது. முன்னால் குலுக்கலைத் தாங்கும் ஸ்பிரிங்கும் கிடையாது. முன்சக்கரத்தைப் பிடிக்கும் ஃபோர்க்கும் வெறும் கார்பன்தான். மலைப்பாதையின் கல்லையும் வேரையும் அப்படியே கைக்குச் சொல்லிவிடும் வண்டி. இரண்டு விரலில் மாட்டித் தூக்கலாம் போலிருந்தது.

அக்காவையும் தங்கையையும் கட்டியவர்கள் இவர்கள். அந்தக் குடும்பத்தில் மலைப்பாதையில் சைக்கிள் ஓட்டியவர் ரொம்ப காலம் பெரியவர் ஒருவர்தான். சின்னவருக்குப் பஞ்சர் ஒட்டச் சொல்லிக்கொடுத்ததே அவர்தான்.

அதெல்லாம் மூன்று வருஷத்துக்கு முன்பு. இப்போது மாமனார் வீட்டுக் கூடத்தில் பெரிதாக மாட்டியிருப்பது, சேறு தெறிக்கச் சரிவில் இறங்கும் சின்னவரின் படம். பெரியவருடைய படம் கல்யாண ஆல்பத்தில் இருக்கிறது.

"உங்க வண்டி வாசல்ல நிக்கும்போதே முனகுதே," என்று மனைவி போன வாரம் சிரித்தாள். விளையாட்டாகத்தான் சொன்னாள். அன்று அவர் சரியாகச் சாப்பிடவில்லை.

இந்தச் சைக்கிளைச் சின்னவரே கட்டியிருந்தார். ஓட்டுவதை விட்டுவிட்ட யாரோ ஒருவரிடம் ஃபிரேமை வாங்கி, தினமும் பள்ளிக்கூடம் விட்டு வந்து, ஐந்து மாதம் பாகம் பாகமாகத் தேடிக் கோத்திருந்தார். கணக்கு வாத்தியார். எந்தத் திருகை எவ்வளவு இறுக்கினார் என்பதுவரை ஒரு நோட்டில் குறித்திருந்தார்.

ஆனாலும் அவருக்குப் பயம். இரும்பு என்றால் வளைந்து காட்டும், கார்பன் சொல்லாமல் கொள்ளாமல் முறிந்துவிடும் என்று யாரோ சொல்லியிருந்தார்கள்.

சொன்னது பெரியவர்தான்.

பெரியவருக்கு லிஃப்ட் சோதிக்கும் வேலை. அவர் பார்த்துக் கையெழுத்துப் போட்ட பிறகுதான் பதினெட்டு மாடிக்கும் ஆட்கள் ஏறி இறங்குவார்கள். அப்படி ஒரு கையெழுத்தைத்தான் சின்னவரும் கேட்டார்.

பெரியவர் முட்டி போட்டு உட்கார்ந்தார். ஒரு குறையாவது கண்டுபிடிக்காமல் எழுந்திருப்பதில்லை என்று மனதுக்குள் முடிவு.

ஹேண்டில்பாரைப் பிடித்து உலுக்கினார். இம்மியும் அசையவில்லை. சக்கரத்தைச் சுழற்றினார். நூல் பிடித்தாற்போல் ஓடியது. செயினை அழுத்தினார். தொய்வு அளந்து விட்டதுபோல் இருந்தது. எங்கே கை வைத்தாலும் வண்டி அவரை வெறுங்கையோடு திருப்பி அனுப்பியது.

தன்னால் இப்படி ஒன்றைக் கட்டியிருக்க முடியாது என்று அவருக்கே தெரிந்தது. அதைத்தான் தாங்க முடியவில்லை.

சட்டைப்பையிலிருந்து ஒரு நாணயத்தை எடுத்து ஃபிரேமைத் தட்ட ஆரம்பித்தார். நல்ல கார்பன் டக் டக் என்று கறாராகப் பேசும். உள்ளே விரிசல் விட்டிருந்தால் ஈரப் பலகையைத் தட்டியதுபோல் பொத்தென்று கேட்கும். சின்னவர் மூச்சை அடக்கிக்கொண்டு நின்றார்.

கீழ்க்குழாயின் பாதியில் நாணயம் நின்றது.

பெரியவர் காதைக் கிட்டே கொண்டுபோனார். மறுபடி தட்டினார். இன்னொரு தடவை.

"இதுல ஏறாதீங்க தம்பி," என்றார்.

சின்னவர் ஏன், எதற்கு என்று ஒரு வார்த்தை கேட்கவில்லை. நோட்டைப் புரட்டவில்லை. "சரிங்கண்ணா" என்று ஸ்பானர் பெட்டியைத் திறந்தார். ஐந்து மாதம் கோத்தது அரைமணியில் தரையில் கிடந்தது.

கழற்றியதைச் சுவரோரம் சாத்திவைப்பார் என்றுதான் பெரியவர் நினைத்தார். சின்னவர் ரம்பத்தை எடுத்து வந்தார்.

"அறுக்கவா போறீங்க?"

"அப்படியே குப்பையில போட்டா யாராவது எடுத்து ஓட்டிடுவாங்கண்ணா. அவங்களுக்குத் தட்டிப் பார்த்துச் சொல்ல யார் இருக்கா?"

கார்பன் தூசி நெஞ்சுக்கு ஆகாது. வீட்டில் இருந்தது ஒரே ஒரு முகக்கவசம். அதைப் பெரியவருக்கு மாட்டிவிட்டுச் சின்னவர் கைக்குட்டையைக் கட்டிக்கொண்டார். ரம்பத்தை வைப்பதற்கு முன் ஒரு தடவை நிமிர்ந்து பார்த்தார்.

பெரியவர் சரியென்று தலையை ஆட்டினார். ஃபிரேம் நகராமல் இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார்.

அறுபட்ட துண்டைச் சின்னவர் வாசல் வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தார். சுற்றிலும் ஒரே சீரான கறுப்பு.

"கண்ணுக்கு ஒண்ணுமே தெரியலை பாருங்க. இதுதானே பயமே," என்றார்.

அதற்குள் செய்தி தங்கையிடமிருந்து அக்காவுக்கும், அக்காவிடமிருந்து மாமனாருக்கும் போய்விட்டது. சின்னவரின் போன் அடித்தது. எதிர்முனையில் மாமனார், பெரிய மாப்பிள்ளையிடம் கொடுக்கச் சொன்னார். இத்தனை வருஷத்தில் அவராகக் கேட்டுப் பேசுவது இதுதான் முதல் தடவை.

"என் சின்னப் பொண்ணு குடும்பத்தையே காப்பாத்திட்டீங்க மாப்பிள்ளை," என்றார் கிழவர். "எப்படிக் கண்டுபிடிச்சீங்க?"

பெரியவர் முகக்கவசத்தைக் கழுத்துக்கு இறக்கினார்.

மேலே, நடுவில், கீழே, தட்டிய இடமெல்லாம் ஒரே சத்தம்தான் கேட்டிருந்தது. டக் டக்.

"பழகின காது மாமா," என்றார்.