ஆம்பளைச் சண்டை, பொம்பளை நடை

படம் முடிந்து விளக்கு எரிந்ததும், அதை வாங்க வந்த விநியோகஸ்தர் முகத்தைச் சுளித்தார்.

"கதாநாயகியா இது? சுவரேறிக் குதிக்கிறா, எட்டி உதைக்கிறா. ஆம்பளை மாதிரி இருக்கு, சகிக்கல. சண்டையில எவனோ ஒரு தடியனுக்கு விக் மாட்டி விட்டிருக்கீங்க!"

அவர் தம்பி வழிந்தான். "ஆனா அந்த மாடிப்படி சீன், அண்ணே! முதுகைக் காட்டிக்கிட்டு புடவையில ஏறுறா பாருங்க. என்ன இடுப்பு! அதுதான் பொம்பளை!"

"அதுக்காகவே வாங்கலாம்டா" என்று அண்ணன் உதட்டை நக்கினார்.

நான் பின்வரிசையில் இருந்தேன். முன்வரிசையில் கதாநாயகி, கட்டுப் போட்ட காலோடு உட்கார்ந்திருந்தாள். சண்டை முழுவதும் அவளே போட்டது. குதித்ததில்தான் கால் முறிந்தது.

மிச்சமிருந்த மாடிப்படிக் காட்சியில் அவளுக்குப் பதிலாகப் புடவை கட்டி ஏறியது, ஸ்டண்ட்காரனான நான்தான்.

சட்டையை இடுப்புக்குக் கீழே இழுத்துவிட்டுக்கொண்டேன்.