வேர்ச்சொல்

சமையலறையில் கோப்பை விழுந்து உடைந்தது. கூடவே மனைவியின் அழுகை. "ஆரம்பிச்சுட்டா!" என்று செய்தித்தாளை மடித்தார் பேராசிரியர்.

"ஒரு கப் உடைஞ்சதுக்கா மாமா அக்கா இந்த அழுகை அழுவுது?" என்றான், அக்காவைப் பார்க்க வந்திருந்த மைத்துனன்.

வகுப்பெடுக்க ஆள் கிடைத்தால் விடுவாரா?

"இதுக்குப் பேரு ஹிஸ்டீரியா, மாப்பிள்ளை. கிரேக்க வார்த்தை. ஹிஸ்டெரான்னா கர்ப்பப்பை. அது உடம்புக்குள்ள ஊர் சுத்தக் கிளம்பினா பொம்பளைங்க இப்படித்தான் ஆடுவாங்கன்னு அந்தக் காலத்துக் கிரேக்க வைத்தியன் சொல்லிட்டான். எல்லாம் அந்தப் பை படுத்தற பாடு!"

அழுகை நின்றது. மனைவி முகத்தைத் துடைத்துக்கொண்டு சமையலறை வாசலுக்கு வந்தாள்.

"அதைத்தான் போன மாசமே எடுத்தாச்சேங்க."

"என்னது? வெறும் கட்டின்னுதானே..."

"ஆபரேஷன் முடிஞ்சதும் தட்டுல வெச்சு உங்ககிட்டதான் காட்டினாங்களாம். நர்ஸ் சொன்னாங்க. போன்ல பேசிக்கிட்டே தலையாட்டினீங்களாம்."

உள்ளே திரும்பிக் குனிந்து, உடைந்த துண்டுகளைப் பொறுக்கத் தொடங்கினாள்.

"யாருக்கோ, ஏதோ ஒரு வார்த்தைக்கு அர்த்தம் சொல்லிக்கிட்டு இருந்தீங்களாம்."