போன் பைத்தியம்

"கையில போன் இல்லேன்னா இவளுக்கு மூச்சே நின்னுடும் சம்பந்தி. கல்யாணமாகி வந்த நாள்லேர்ந்து இதே கூத்துதான்."

மாமியார் சொன்னதில் பொய் இல்லை. மகள் கல்யாணத்தால் சம்பந்தியாகப் போகிறவர் முதல் தடவையாக வீட்டுக்கு வந்து உட்கார்ந்திருக்கிறார். கல்யாணத் தேதி பேசுகிறார்கள். மருமகளோ போனை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை. டீத் தட்டைக்கூட ஒரு கையால்தான் நீட்டுகிறாள். மகாராணிக்கு இன்னொரு கை போனுக்கு வேண்டுமாம்.

"உங்க பையன் எங்கே, காணோம்?" என்றார் சம்பந்தியம்மா.

"மாடியில இருக்கான். ஆபீஸ் மீட்டிங். அதை விடுங்க, நீங்க தேதியைச் சொல்லுங்க."

சம்பந்தியம்மா சொல்ல ஆரம்பிக்கும்போதே போன் அலறியது. மருமகள் தட்டை சோபாவிலேயே போட்டுவிட்டு மாடிப்படியில் ஓடினாள். டீ கவிழ்ந்து சம்பந்தியம்மாவின் மடியெல்லாம் ஈரம். வாய்வார்த்தைக்கு ஒரு 'சாரி' கிடையாது.

சம்பந்தியம்மா வாயைத் திறக்குமுன் மாமியார் முந்திக்கொண்டார்.

"பார்த்தீங்களா? எவளாவது ஒரு மெசேஜ் போட்டா போதும், தலைதெறிக்க ஓடுவா. பெத்தவங்க வளர்த்த லட்சணம் அப்படி."

சொல்லிக்கொண்டே டி.வி. சத்தத்தைக் கூட்டினார்.

"எங்க வீட்டுக்கு வர்ற பொண்ணும் இப்படித்தான் இருப்பாளோ?"

"என் பொண்ணா? அவளை நான் அப்படி வளர்க்கலை."

"எப்படித்தான் இவளைக் கட்டி மேய்க்கிறீங்களோ. உங்க பொறுமை யாருக்கும் வராது."

தேதி முடிவானது. மடியைத் துடைத்தபடியே சம்பந்தியம்மா கிளம்பினார். மாமியார் வாசல்வரை போய் சிரிக்கச் சிரிக்கப் பேசி அனுப்பிவிட்டு, கதவைத் தாழ் போட்டுக்கொண்டு மாடிக்கு விரைந்தார்.

மகன் தரையில் ஒருக்களித்துக் கிடந்தான். வலிப்பு அடங்கியிருந்தது. உடம்பு வெட்ட ஆரம்பித்ததுமே, அவன் கையில் கட்டியிருந்த வாட்ச் மனைவியின் போனுக்குத் தகவல் கொடுத்துவிட்டது. மருமகள் அவன் தலைக்கடியில் தலையணை வைத்து, வாயோரத்து நுரையைத் துடைத்துக்கொண்டிருந்தாள்.

மாமியார் மகனின் தலையைத் தடவினார். கண் கலங்கிவிட்டது.

"நல்லவேளை, உடனே ஓடி வந்தே."

மருமகள் நிமிரவில்லை.

"நான் எதுக்குப் போனைப் பார்க்கிறேன்னு உங்களுக்குத் தெரியாதா அத்தை? அவங்க முன்னாடி எங்க அப்பா அம்மாவை இழுக்கணுமா?"

"தெரிஞ்சுதான் திட்டினேன். நான் திட்டலேன்னா, எதுக்கு இந்த ஓட்டம்னு அவங்க கேட்டிருப்பாங்க. இவனுக்கு வலிப்புன்னு தெரிஞ்சா என் பொண்ணு கல்யாணம் நின்னுடும்."

"என் பேரு?"

"அது கெட்டா என்ன இப்போ? உனக்குத்தான் கல்யாணம் ஆயிடுச்சே."